பெயரும் கணிப்பும்: கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் அரிய வகையொன்றின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1. தோற்றுவாய்

மருத்துவ வரலாறு எனப்படுவது எம்மிடையே பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவும் மருத்துவமனைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளியின் நிலையில் நின்று ஒரு நோயின் வரலாற்றை நோக்கும் முயற்சிகள் தமிழில் மிகச் சிலவே. ஒரு நோய் எப்பொழுது இன்ன நோயென இனங்காணப்பட்டது, அதன் முடிவு இவ்வாறிருக்கும் என்று கூறியோர் எதனை ஆதாரமாகக் கொண்டு கூறினர் என்னும் வினாக்கள் உடலியல் வினாக்கள் மட்டுமல்ல. சமூக வரலாற்று வினாக்களுமாகும். நோயை இனங்காண்பதை நோய் நிர்ணயம் என்றும் அதன் போக்கையும் முடிவையும் முன்கூட்டி மதிப்பிடுவதை முன்கணிப்பு என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை. இந்நோயின் பெரும்பகுதி கழுத்தின் வெளிப்புறத்தை மூடியுள்ள தட்டையான செதிற்கலங்களில் தோன்றுவது. கழுத்தின் உட்குழாயிலுள்ள சுரப்பிக் கலங்களில் தோன்றுவது சிறுபான்மை. அச்சிறுபான்மைக்குள்ளும் மிக அரிதாய், நுணுக்குக்காட்டியின் கீழும் நலமான சுரப்பிபோலத் தோற்றமளித்து ஏமாற்றும் வகையொன்று உண்டு. அரியதொன்றை ஆராய்வதால் விளையும் பயன் யாதெனின், பொதுவானதற்கென அமைக்கப்பட்ட கருவிகளும் கணக்குகளும் எவ்விடத்தில் பொய்க்கின்றன என்பதை அரியதே காட்டித் தருகின்றது. முன்கணிப்பு என்பது இயற்கை எழுதிய தீர்ப்பன்று; ஒரு பெயரின் கீழ் எவரெவர் சேர்க்கப்பட்டனர், எந்நிலையில் கண்டறியப்பட்டனர் என்பதிலிருந்து மனிதர் பெற்ற கணக்கு என்பதே எமது கருத்து.

இவ்வினாக்கள் எமக்குத் தொலைவிலுள்ளவை அல்ல. களனி கங்கையின் வடகரையில், கொழும்பு மாநகர எல்லையை அடுத்து அமைந்துள்ளது பேலியகொடை. களனிப் பல்கலைக்கழகத்தின் மூலவேரான வித்தியாலங்காரப் பிரிவேனா 1875இல் இங்கேயே தாபிக்கப்பட்டது. 2011இல் மத்திய மீன் சந்தை புறக்கோட்டையிலிருந்து இவ்விடத்துக்குப் பெயர்ந்தபின் இஃது உழைப்பாளரின் ஊர் என்னும் இயல்பு மேலும் வலுப்பெற்றது. சிங்களமும் தமிழும் பேசும் குடும்பங்கள் இங்கு அடுத்தடுத்து வாழ்கின்றன. இத்தகைய ஊரில் நாட்கூலியில் வாழும் பெண்ணொருத்திக்கு மாதவிடாய் ஓய்ந்த பின்னர் இரத்தம் காணுமாயின், அல்லது மாதக்கணக்கில் நீர்த்த வெள்ளை படுமாயின், அவள் முதலில் அயலிலுள்ள மருந்தகத்துக்கும், பின்னர் ராகமையிலோ கொழும்பிலோ உள்ள அரசாங்க வைத்தியசாலைக்கும், ஈற்றில் மகரகமைக்கும் செல்லவேண்டியவளாகிறாள். ஒவ்வொரு பயணமும் ஒருநாட் கூலியை விழுங்குவது. அவளுடைய முன்கணிப்பு கலத்தில் மட்டும் உருவாவதில்லை என்பதை இப்பாதையே உணர்த்தும்.

2. பெயர் பெறாத நோய்

நோயின் முடிவை முன்னறியும் எண்ணம் எமது மருத்துவ மரபுக்குப் புதியதன்று. தீரக்கூடியதைச் சாத்தியம் என்றும், தீராததை அசாத்தியம் என்றும், மருந்து தொடரும்வரை அடங்கியிருப்பதை யாப்பியம் என்றும் அம்மரபு பகுத்தது. ஆயினும், கருப்பைக் கழுத்தில் வளரும் புற்று அம்மரபில் தனிப்பெயர் பெற்ற நோயாக வழங்கவில்லை. மிகுந்த இரத்தப்போக்கு ‘பெரும்பாடு’ எனப்பட்டது. கசிவு ‘வெள்ளை’ எனப்பட்டது. நோயின் குறிகளே நோய்களாகப் பெயர்பெற்றன. பல்வேறு காரணங்களால் விளையும் பெரும்பாட்டுக்குள்ளும் வெள்ளைக்குள்ளும் புற்றுநோய் மறைந்து கிடந்தது. இதனை எமது மரபுக்கே உரிய குறையெனக் கொள்ளுதல் தவறு. உட்காட்டும் கருவியும் நுணுக்குக்காட்டியும் வருமுன் ஐரோப்பாவின் நிலையும் இதுவே. குறி வெளித்தெரியும் காலத்தில் நோய் முற்றியிருந்தமையால், கண்டவர் அனைவரும் கண்டது அசாத்தியத்தையே.

நுணுக்குக்காட்டியின் துணையின்றி, கணக்கின் துணைகொண்டு மட்டும் இந்நோயை அணுகிய முதல் முயற்சிகளுள் ஒன்று இத்தாலியில் நிகழ்ந்தது. வெரோனா நகரின் மரணப் பதிவுகளை ஆராய்ந்த ரிகோனி ஸ்டேர்ன், கருப்பைப் புற்றுநோய் கன்னியாஸ்திரீகளிடையே அரிதாகவும் மணமான பெண்களிடையே மிகுதியாகவும் காணப்படுவதை 1842இல் வெளியிட்டார். பாலுறவின் வழிப் பரவும் வைரசொன்றே இதன் பெருங்காரணம் என்பது நிறுவப்படுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னர் எழுந்த கணிப்பு இது. எனினும் இக்கண்டுபிடிப்புக்கு ஒரு நிழலும் உண்டு. நோய் பெண்ணின் ஒழுக்கத்தோடு பொருத்திப் பார்க்கப்படலாயிற்று. பாலுறவில் ஈடுபடும் மக்களிற் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றி, பெரும்பாலும் தானே நீங்கிவிடும் இவ்வைரசு எவருடைய ஒழுக்கத்துக்கும் சான்றாகாது. ஆயினும் அவ்வெட்கம் இற்றைவரை பெண்களைப் பரிசோதனையிலிருந்து விலக்கி வைக்கும் காரணிகளுள் ஒன்றாக நிலைத்துள்ளது.

ஈழத்தில் நவீன மருத்துவம் தமிழ்ப் பெண்களை அணுகிய வரலாற்றில் மானிப்பாய் முதலில் நினைவுகூரத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தம் மாணவர் துணையுடன் தமிழாக்கினார். மகப்பேற்று மருத்துவம் பற்றிய நூல் 1857இலேயே தமிழில் வெளிவந்தது. பெண்ணின் உள்ளுறுப்புகளுக்குத் தமிழிற் கலைச்சொல் ஆக்கவேண்டிய தேவையை அந்நூலே முதலில் எதிர்கொண்டது எனலாம். கொழும்பில் 1870இல் மருத்துவக் கல்லூரியும் 1879இல் டி சொய்சா மகப்பேற்று மனையும் தோன்றின. 1898இல் இணுவிலில் பெண்களுக்கெனவே மக்லியொட் மருத்துவமனை நிறுவப்பட்டது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டத் தயங்கிய பெண்கள் பெண் மருத்துவரிடம் வந்தனர் என்னும் அனுபவமே இத்தகைய நிலையங்கள் எழக் காரணமாயிற்று. நோய் நிர்ணயத்தின் முதற்படி கருவியன்று; நோயாளி வந்து சேர்தலே என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகின்றது.

3. இழையமும் படிநிலையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனிய மருத்துவர்கள் கருப்பைக் கழுத்திலிருந்து சிறு இழையத் துண்டை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயும் முறையை வளர்த்தனர். கையாலும் கண்ணாலும் அறியப்பட்ட நோய் இப்போது கலங்களின் ஒழுங்கின்மையால் அறியப்படலாயிற்று. இம்மாற்றம் நிகழ்ந்த அதே காலத்தில், 1870இல், குசெரோ என்பவர் ஒரு விசித்திரமான கட்டியை விவரித்தார். அது பரவியது, ஊடுருவியது. ஆனால் அதன் கலங்கள் ஒழுங்காகவே இருந்தன. ‘அடினோமா மலிக்னம்’, அதாவது கேடுடைய சுரப்பிக்கட்டி என்னும் முரண்பட்ட பெயர் இதற்கு வழங்கலாயிற்று. கலத்தின் உருவே நோயின் அடையாளம் என்னும் கொள்கை வேரூன்றத் தொடங்கிய வேளையிலேயே அக்கொள்கைக்கு அடங்காத விதிவிலக்கும் பதிவாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

1898இல் கியூரி தம்பதியர் இரேடியத்தைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளுள்ளேயே அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தப்பட்டது. அசாத்தியம் எனப்பட்ட நோயில் ஒரு பகுதி சாத்தியமாயிற்று. உடனே புதியதொரு சிக்கல் தோன்றிற்று. ஸ்டொக்ஹோமில் ஒரு முறை, பாரிசில் வேறொரு முறை, மியூனிக்கில் மற்றொரு முறை எனச் சிகிச்சை வேறுபட்டது. ஒவ்வொரு நகரும் தனது முறையே சிறந்ததெனக் கூறிற்று. ஒப்பிடுவதாயின் ஒரே நிலையிலுள்ள நோயாளரை ஒப்பிடவேண்டும். இத்தேவை காரணமாகவே சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவின் கீழ் இயங்கிய குழுவொன்று 1929இல் இந்நோயை நான்கு படிநிலைகளாக வகுத்தது. கழுத்தளவில் நிற்பது முதற்படி. தொலைவான உறுப்புகளுக்குப் பரவியது நான்காம் படி. புற்றுநோய் எதற்கும் சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட படிநிலை வகுப்புகளுள் இதுவே மிகப் பழையது. பிற்காலத்தில் இது சர்வதேச மகப்பேற்று, பெண்ணோயியல் சம்மேளனத்தின் பொறுப்பாயிற்று.

‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு வீதம்’ என்று இன்று மருத்துவர் கூறும் எண்கள் இவ்வொப்பீட்டு மரபின் வழிவந்தவை. அவை சிகிச்சை முறைகளை ஒப்பிடுவதற்கென வகுக்கப்பட்ட எண்கள். ஒரு தனிப்பெண்ணின் எதிர்காலத்தைச் சொல்வதற்கு எழுந்தவை அல்ல. காலப்போக்கில் அவையே அவளுடைய விதியைச் சொல்லும் எண்களாயின. மேலும், இப்படிநிலை நெடுங்காலம் கைப்பரிசோதனையையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. நோயாளரிற் பெரும்பாலோர் வறிய நாடுகளில் வாழ்ந்தமையின், எங்கும் செய்யக்கூடிய பரிசோதனையே பொது அளவுகோலாக இருத்தல்வேண்டும் எனக் கருதப்பட்டது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே படமெடுப்பு முறைகளின் பெறுபேறுகளும் இழையவியல் முடிவுகளும் படிநிலையைத் தீர்மானிக்க அனுமதிக்கப்பட்டன. அவ்வசதியுள்ள இடத்தில் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய நோய் மூன்றாம் படியாகும். அவ்வசதியற்ற இடத்தில் அதே நோய் முதற்படியாகவே நின்றுவிடக்கூடும். ஒரே நோய், ஈரிடங்களில் ஈரெண்கள் பெறும் நிலை இது.

4. பொதுவகைமீது பெற்ற வெற்றி

கருப்பைக் கழுத்திலிருந்து உதிரும் கலங்களைக் கண்ணாடித் தகட்டிற் பூசி ஆராயும் முறையை ருமேனியாவில் ஓரெல் பபேசும் அமெரிக்காவில் கிரேக்க நாட்டவரான ஜோர்ஜ் பப்பனிகொலாவும் 1920களில் தனித்தனியே கண்டனர். 1940களில் பப்பனிகொலாவின் முறை மருத்துவ உலகின் ஏற்பைப் பெற்றது. நோய் நோயாவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதன் தொடக்கத்தைக் காண இயலும் என்பதே இதன் பேறு. முன்கணிப்பின் வரலாற்றில் இதனினும் பெரிய மாற்றம் நிகழவில்லை. ஒழுங்காகப் பரிசோதனை நடைபெற்ற செல்வந்த நாடுகளில் இந்நோயால் நேரும் மரணம் பெரிதும் குறைந்தது.

தமிழகத்தில் இவ்வரலாறு சென்னை அடையாற்றோடு பிணைந்தது. டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய நெடுநாள் முயற்சியின் பயனாக 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் சிறு குடில்களிற் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிற்று. அவர் மைந்தர் டொக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் இணைந்த டொக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர். அங்கு வந்த பெண்களில் மிகப் பலர் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயாளரே. முற்றிய நிலையில் வந்தோரே அதிகம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1982இல் தொடங்கியபோதும் பெண்களிடையே இந்நோயே முதலிடத்தில் நின்றது. பிற்காலத்திலேயே மார்பகப் புற்றுநோய் அதனை முந்திற்று.

ஆய்வுகூடமும் கலவியலாளரும் இல்லாத கிராமத்தில் யாது செய்வது என்னும் வினாவுக்குத் திண்டுக்கல் மாவட்டத்து ஆய்வு ஒரு விடை தந்தது. பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசற்றிக் கமிலத்தைக் கழுத்திற் பூசி, வெண்ணிறமாக மாறும் பகுதியை வெறுங்கண்ணாற் கண்டனர். தேவைப்பட்டோருக்கு அங்கேயே சிகிச்சை அளிக்கப்பட்டது. 30 முதல் 59 வயதுவரையான பெண்களிடையே நடந்த இவ்வாய்வின் முடிவு 2007இல் வெளியாயிற்று. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் நோய் 25 வீதமும் அதனால் விளையும் மரணம் 35 வீதமும் குறைந்திருந்தன. மலிவான திரவமொன்றும் பயிற்சி பெற்ற கண்களும் முன்கணிப்பை மாற்றவல்லவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலங்கையில் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 1980இல் தொடங்கிற்று. 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் உருவாகின. 35 வயதெய்திய பெண்கள் அவற்றில் முதன்மை பெற்றனர். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் என்னும் எமது நாட்டுக்குரிய அமைப்பே இதன் முதுகெலும்பு. 1983, 1984ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியரான ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர் மனிதப் பப்பிலோமா வைரசின் 16ஆம் 18ஆம் வகைகளை இந்நோயில் இனங்கண்டமை தடுப்பூசிக்கு வழிவகுத்தது. 2008இல் அவர் நோபல் பரிசு பெற்றார். 2017இல் இலங்கை அத்தடுப்பூசியைத் தேசிய நிகழ்ச்சித்திட்டத்திற் சேர்த்து ஆறாம் தரத்து மாணவியருக்கு வழங்கத் தொடங்கிற்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் இந்நோயை ஒழிக்கும் இலக்கை அறிவித்தது. இவை யாவும் மகத்தான பேறுகள். ஆயினும் 2022இல் உலகெங்கும் ஏறத்தாழ 350,000 பெண்கள் இந்நோயால் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் குறைந்த, நடுத்தர வருமானமுடைய நாடுகளைச் சேர்ந்தோர்.

5. அரியவகை எழுப்பும் வினா

மேற்கூறிய கருவிகள் யாவும் செதிற்கலப் புற்றுநோயை மனத்திற்கொண்டு அமைந்தவை. செதிற்கலங்கள் வெளிப்புறத்திலுள்ளவை; அவற்றைச் சுரண்டி எடுக்கலாம், வெறுங்கண்ணாற் காணலாம். சுரப்பிக் கலங்களோ உட்குழாயில் உள்ளவை. அங்கு தோன்றுவது பூச்சிலும் எளிதிற் சிக்குவதில்லை. அசற்றிக் கமிலத்தாலும் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. எனவே பரிசோதனை பரவிய நாடுகளில் செதிற்கல வகை குறையக் குறையச் சுரப்பி வகையின் பங்கு மொத்தத்தில் ஏறத்தாழ நான்கிலொன்றுவரை உயர்ந்தது.

சுரப்பி வகையின் வரலாற்றில் அனைவரும் அறிந்த பெயர் ஹென்றியற்றா லக்ஸ். புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்த இக்கறுப்பினப் பெண் 1951இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் போல்ரிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். செதிற்கலப் புற்றுநோய், முதற்படி என நிர்ணயிக்கப்பட்டது. அன்றைய கணக்கின்படி நம்பிக்கைக்குரிய நிலை அது. இரேடியச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 1951 ஒக்ரோபர் 4ஆம் நாள், 31ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய அனுமதியின்றி எடுக்கப்பட்ட கலங்கள் ‘ஹீலா’ என்னும் பெயரில் உலகின் ஆய்வுகூடங்களில் இன்றும் வாழ்கின்றன. இருபதாண்டுகள் கழிந்து, 1971இல், அவருக்குச் சிகிச்சையளித்தோர் உட்பட்ட ஆய்வாளர் பழைய இழையத் தகடுகளை மீளாய்வு செய்து, அது செதிற்கல வகையன்று, சுரப்பிக் கல வகை என அறிவித்தனர். அன்று இரு வகைக்கும் ஒரே சிகிச்சையே வழங்கப்பட்டமையின், பெயர் பிழைத்ததனாலேயே அவர் மாண்டார் எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் அவருடைய மரணம் இருபதாண்டுக் காலம் பிழையான பெயரின் கீழ் நின்றது. உலகில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட கலங்களுக்குரியவரின் நோயே இவ்வாறாயின், எவரும் மீளாய்வு செய்யாத ஏனைய பெண்களின் தகடுகள் எவ்வாறிருக்கும் என்னும் ஐயம் எழுதல் இயல்பு.

இனி, குசெரோ விவரித்த அடினோமா மலிக்னத்தை நோக்குவோம். இதன் சுரப்பிகள் நலமான சுரப்பிகளை ஒத்திருக்கும். அவை இருக்கவேண்டிய ஆழத்தைக் கடந்து உள்ளே சென்றிருப்பதே நோயின் அடையாளம். ஆகவே மேலோட்டமாக எடுக்கப்படும் இழையத் துண்டு ஏமாற்றிவிடும். சளிபோன்ற அல்லது நீர்த்த கசிவு இடைவிடாது மிகுந்து வருவதே இதன் முதன்மையான குறி. எமது முன்னோர் ‘வெள்ளை’ எனப் பெயரிட்டதன் ஒரு மூலையில் இதுவும் ஒளிந்திருந்திருக்கக்கூடும்.

இதன் முன்கணிப்புப் பற்றிய கருத்துகள் காலந்தோறும் மாறி வந்தமை எமது ஆய்வுக்கு மையமானது. 1963இல் மக்கெல்வி, குட்லின் ஆகியோர் தாம் கண்ட சில நோயாளரை ஆதாரமாகக் கொண்டு இது கொடிய முடிவுடையது என்றனர். 1975இல் சில்வர்பேர்க், ஹேர்ட் ஆகியோர் ‘மிகக் குறைந்த விலகலுடைய சுரப்பிப் புற்றுநோய்’ என்னும் புதிய பெயரை முன்மொழிந்து, தக்க சிகிச்சை பெற்றால் முடிவு அத்துணை மோசமன்று எனக் காட்டினர். 1989இல் 26 நோயாளரைத் தொகுத்த ஆய்வொன்று மீண்டும் அதன் கொடுமையை வலியுறுத்திற்று. ஒவ்வொரு குழுவும் தான் வகுத்த எல்லைக்குள் வந்த ஒரு சில பெண்களையே எண்ணியது. எல்லை மாற, எண்ணும் மாறிற்று. நோய் மாறவில்லை.

இதன்பின் ஜப்பானிய ஆய்வாளர் வேறொரு வழியில் அணுகினர். இக்கட்டி சுரக்கும் சளி, கருப்பைக் கழுத்துச் சளியை அன்றி இரைப்பைச் சளியை ஒத்தது என அவர்கள் கண்டனர். அதனால் கலங்கள் ஒழுங்காகத் தோன்றும் வடிவமும் ஒழுங்கிழந்த வடிவமும் ‘இரைப்பை வகை’ என்னும் ஒரே குடும்பத்தில் அடங்கின. 2007இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், வழமையான சுரப்பிப் புற்றுநோயாளரின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 77 வீதமாகவும் இரைப்பை வகையினரின் உயிர்வாழ்வு 30 வீதமாகவும் இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வகைப்பாடு இப்புற்றுநோய்களை வைரசோடு தொடர்புடையவை, வைரசைச் சாராதவை என இரண்டாகப் பிரித்தது. இரைப்பை வகை பின்னையதைச் சார்ந்தது. சிறுபான்மையோரிடம் இது பியூட்ஸ் - ஜெகேர்ஸ் எனப்படும் பரம்பரைக் கோளாறோடும் சேர்ந்து தோன்றுகின்றது.

இதன் நடைமுறை விளைவு பெரிது. ஹென்றியற்றா லக்சின் நோய் 18ஆம் வகை வைரசால் விளைந்தது. இன்றைய தடுப்பூசி அத்தகையதைத் தடுக்கவல்லது. இரைப்பை வகையைத் தடுப்பூசியும் தடாது, வைரசுப் பரிசோதனையும் காட்டாது. இதனை எடுத்துக்காட்டி, தடுப்பூசியும் பரிசோதனையும் பயனற்றவை என வாதிடுவோர் தவறிழைப்போராவர். பெருந்தொகையினரை இவையே காக்கின்றன. இவற்றை இழத்தல் பல்லாயிரம் உயிர்களை இழத்தலாகும். நாம் வலியுறுத்துவது பிறிதொன்றை: ‘பரிசோதனை வழமையானது’ என்னும் தாளொன்று, தொடர்ந்து குறி கூறும் பெண்ணின் சொல்லைவிட மேலானதாகக் கொள்ளப்படலாகாது.

6. எவர் உடலிற் கற்ற பாடம்?

முன்கணிப்பு அறிவு எவ்வாறு திரட்டப்பட்டது என்பதும் வரலாற்றாசிரியன் தவிர்க்கவியலாத வினா. சிகிச்சையின்றி விட்டால் ஆரம்பநிலை மாற்றம் யாதாகும் என்பதை அறிய விரும்பினோர், சிகிச்சையின்றி விடப்பட்ட பெண்களையே அவதானிக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரில் தேசிய மகளிர் மருத்துவமனையில் 1966 முதல் ஹேர்பேட் கிறீன் என்பார் அவ்வாறு செய்தார். அப்பெண்கள் தாம் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதை அறியவில்லை; அவர்களுட் சிலர் ஊடுருவும் புற்றுநோய்க்கு ஆளாகினர். 1987இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்னும் இரு பெண்கள் எழுதிய கட்டுரை இதனை வெளிக்கொணர, நீதிபதி கார்ட்ரைட்டின் விசாரணை 1988இல் நோயாளரின் உரிமைகளை வலியுறுத்தும் அறிக்கையாக முடிந்தது. டில்லியில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடையே நடத்தப்பட்ட இதனையொத்த ஆய்வொன்றும் 1997இல் கடுங்கண்டனத்துக்குள்ளாயிற்று. திண்டுக்கல்லையும் உள்ளடக்கிய பிற்கால இந்திய ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை அளிக்கப்படாமை நெறியானதா என்னும் விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆய்வின் பயனை ஏற்றுக்கொள்ளும் நாம், அதன் விலையைக் கொடுத்தோர் யாவர் என்பதையும் மறத்தலாகாது. அவர்களிற் பெரும்பாலோர் வறியோர். கேள்வி கேட்கும் மொழி மறுக்கப்பட்டோர்.

இம்மொழிப் பிரச்சினை எமது நாட்டில் மேலும் கூர்மையானது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் இழையவியல் அறிக்கை ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. வாய்மொழி விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் அமைகின்றது. இரண்டையும் அறியாத பெண்ணுக்கு அவளுடைய நோய் கணவன் வழியாகவோ மகன் வழியாகவோ வந்து சேர்கின்றது. வெட்கமும் பரிவும் சேர்ந்து வழியிற் பலவற்றை வடித்துவிடுகின்றன. படிநிலை யாது, வகை யாது, எதிர்பார்க்கத்தக்கது யாது என்பவற்றை இறுதியாக அறிபவள் நோயாளியே. பல வேளைகளில் அறியாமலே இருப்பவளும் அவளே. போர்க்காலத்தில் ஏ9 பாதை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து மகரகமைக்கு வருவதென்பதே பெரும்பாடாக இருந்தது. மக்களிடம் நிதி திரட்ட 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நிகழ்ந்த நடைபயணத்தின் பயனாகத் தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தமை இத்தொலைவைக் குறைத்தது. மொழியின் தொலைவு இன்னும் குறையவேண்டியுள்ளது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, நோய் நிர்ணயம் கருவியின் வரலாற்றைச் சார்ந்தது. கருவி எதனைக் காண அமைந்ததோ அதனையே அது நன்கு காணும். இரண்டாவது, முன்கணிப்பு பெயரின் வரலாற்றைச் சார்ந்தது. பெயரின் எல்லை மாறும்போது எண்ணும் மாறும். ஆதலின், எந்த எண்ணையும் ஒரு பெண்ணின் தலைவிதியாகக் கொள்ளுதல் அறிவியலும் ஆகாது. மூன்றாவது, இவ்விரண்டும் பெண்ணின் சமூக நிலையைச் சார்ந்தவை. அவள் எப்பொழுது வருகிறாள், யார் அவளைக் கேட்கின்றனர், எம்மொழியிற் கேட்கின்றனர் என்பனவே படிநிலையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன.

இவற்றிலிருந்து சில கடமைகள் எழுகின்றன. தடுப்பூசியும் பரிசோதனையும் தோட்டங்களிலும் நகரச் சேரிகளிலும் வாழும் கடைசிப் பெண்வரை சென்றடைதல் வேண்டும். பரிசோதனை வழமையானது எனப்பட்ட பின்னரும் நீர்த்த கசிவோ இரத்தமோ நீடிக்குமாயின், உட்குழாயினின்றும் ஆழமாகவும் இழையம் எடுத்து ஆராயும்படி கோரும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் கற்பித்தல் வேண்டும். அரிய வகையென ஐயமெழுந்தால் தகடுகள் பிறிதொரு வல்லுநராலும் பார்க்கப்படுதல் வேண்டும். அறிக்கையின் சாரம் நோயாளியின் மொழியில், நோயாளியின் கையில் கொடுக்கப்படுதல் வேண்டும். இவ்விறுதிக் கடமையில் மருத்துவருக்கு மட்டுமன்றித் தமிழ் கற்போருக்கும் பங்குண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மானிப்பாயில் ஆக்கப்பட்ட கலைச்சொற்களை நாம் நூலகத்திற் பேணி வைத்துள்ளோம். பேலியகொடையிலிருந்து இரு பேருந்து மாறி மகரகமைக்குச் செல்லும் பெண்ணின் கையிலுள்ள தாளில் அத்தகைய சொற்கள் இன்னும் இடம்பெறவில்லை. அவற்றை அங்கு சேர்ப்பிக்கும் பணியை எமது தமிழ்ச் சங்கங்கள் மருத்துவ மாணவரோடு இணைந்து மேற்கொள்ளுமாயின், அது தமிழாய்வின் பரப்பையும் விரிக்கும்; சில பெண்களின் முன்கணிப்பையும் மாற்றும்.